யப்பான் என்று கூப்பிட்டவள்

எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுங்கிய தெருவில், அவள் பெயர் வைக்காத உயிர் என்று ஒன்று இருக்கவில்லை. ஆளுக்கு வைத்தாள், ஆட்டுக்கு வைத்தாள், தலைக்கு மேலே சோடியாகப் போகும் ஹெலிகொப்டர்களுக்கும் வைத்தாள். முன்னால் போவது அக்கா, பின்னால் போவது தங்கச்சி. அக்கா பார்த்துவிட்டுப் போய்விடுவாளாம், தங்கச்சிதான் கோபக்காரியாம். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "தங்கச்சி வாறா" என்று குரல் கேட்டால் நாங்கள் இந்தப் பக்கம் கட்டிலுக்குக் கீழே போய்விடுவோம்.

அவளுடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஊருக்கெல்லாம் பட்டம் வைத்தவளுக்கு ஒருவரும் பட்டம் வைக்கவில்லை. நான் ஒரு முறை முயன்று பார்த்தேன். நன்றாக யோசித்து, ஒன்றைத் தெரிவுசெய்து, வேலியருகே நின்று சொன்னேன். அவள் புதுச் சட்டையைப் போட்டுப் பார்ப்பவள்போலத் தோளை ஒரு தரம் அசைத்தாள். "பொருந்தல்ல" என்றாள். அதோடு அந்த முயற்சியை விட்டுவிட்டேன்.

கல்லடியில் எங்கள் வளவுக்குப் பின்னால் நடந்தால் வாவி, முன்னால் நடந்தால் கடல். நடந்தால் என்றுதான் சொல்கிறேன், நான் நடக்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு அடுத்தது என்ன என்று தெரியாமல் இருந்தேன். பாலத்துச் சோதனைச் சாவடியில் மறித்து வைக்கப்பட்ட எங்கள் ஒழுங்கைப் பொடியன்கள் இருவர் திரும்பி வரவில்லை. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் இயக்கம் ஆள் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பிடிக்கிறான், மறுபக்கம் கேட்கிறான் என்றால் பெற்றவள் என்ன செய்வாள்? "வளவுக்குள்ள இரி மனே, கடப்பத் தாண்டாத" என்று அம்மா சொல்லிவிட்டார். கடப்பு என்பது வளவின் வாசல். அதற்கு ஒரு கதவுகூட இல்லை, குறுக்கே போட்ட இரண்டு தடிகள்தான். ஆனாலும் அதைத் தாண்ட எனக்குத் துணிவு இருக்கவில்லை.

அப்பா படுவான்கரையில் எங்கள் வயலோடு கிடந்தார். அந்த வயல்வட்டையை விட்டுவிட்டு வந்தால் அடுத்த போகம் சோறு இல்லை. தோணி ஓடும் நாட்களில் அரிசியோடு வருவார், மறுநாளே போய்விடுவார். மிச்ச நாளெல்லாம் அம்மாவும் நானும், ஒரு கிணறும், ஒரு மாமரமும், நாலு பக்கமும் கிடுகு வேலியும். அந்த வேலிகளில் ஒன்றுக்கு அப்பால்தான் அவள் இருந்தாள்.

அவள் பாலம் கடந்து டவுனுக்குப் போய் ஒரு தையல் கடையில் வேலை செய்தாள். பள்ளிக்கூடச் சட்டைகள் தைக்கும் கடை. காலையில் குடையோடு போவாள், பின்னேரம் குடையோடு வருவாள், வந்ததும் கிணற்றடியில் நின்று அன்றைய நாளை எங்கள் வீட்டுக்கும் சேர்த்துச் சொல்லுவாள். அம்மாவிடம்தான் சொல்லுவாள். நான் மாமரத்தடியில் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்பேன். சாவடியில் தினமும் அவளுடைய சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்துப் பார்க்கும் ஆமிக்காரனுக்குப் பார்சல் என்று பெயர். இன்றைக்குப் பார்சலுக்கு என் கத்தரிக்காய்க் கறி பிடிக்கவில்லை, மூக்கைச் சுளித்தான் என்பாள். எங்கள் கிராமசேவகர் எதைக் கேட்டாலும் கையை உயர்த்திப் பொறுக்கச் சொல்லுகிறவர். அவர் பொறுங்கபொறுங்க. தையல் கடை முதலாளியம்மாவுக்கு நூல்கண்டு. வெளியுலகத்தை நான் அந்தப் பெயர்களாகத்தான் அறிந்திருந்தேன். பல வருசங்களுக்குப் பிறகு அந்தக் கிராமசேவகரின் உண்மைப் பெயரைக் கேட்டபோது யாரோ ஓர் அந்நியரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன்.

பெயர் வைக்கும்போது அவள் சிரிக்க மாட்டாள். ஊசியில் நூல் கோர்க்கிறவளைப்போல ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். பார்த்து முடிந்ததும் சாதாரணமாக அந்தப் பெயரால் கூப்பிடத் தொடங்கிவிடுவாள். ஏன் அந்தப் பெயர் என்று மட்டும் கேட்கக்கூடாது. கேட்டால் ஒரே பதில்தான், "விளங்கினாச் சிரிங்க, விளங்காட்டி விடுங்க."

ஒரே ஓர் ஆளுக்கு அவள் பெயர் வைக்க மறுத்தாள். சுற்றிவளைப்பு நாட்களில் முகத்தைச் சாக்கால் மூடிக்கொண்டு ஜீப்பில் வந்து இருப்பானே, ஆட்களைப் பார்த்துத் தலையாட்டுகிறவன், அவனுக்கு. ஊரே அவனைத் தலையாட்டி என்றது. அம்மாதான் ஒரு நாள், நீ அந்தப் பாவிக்கு ஒரு பேர் வையேன் புள்ள என்று கேட்டார். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டாள். "வேணா மாமி. அந்தாளுக்கு ஒரு பேர் இருக்கும். அது நமக்குத் தெரிஞ்ச பேரா இருந்திட்டா?"

அவளுடைய அண்ணன் இயக்கத்துக்குப் போனவன். அதை அந்த வீட்டில் யாரும் வாயால் சொல்வதில்லை, கொழும்பில் வேலை என்பார்கள். அவள் மட்டும் ஒரு முறை சொன்னாள். போனவுடன் அங்கே வேறு பெயர் வைத்துவிடுவார்களாம். அவனுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று தங்களுக்குத் தெரியாதாம். யாராவது செத்ததாகச் செய்தி வந்தால் அந்தப் பெயரில்தான் வருமாம், அது அவனா என்று எப்படி அறிவது என்று கேட்டாள். கேட்டுவிட்டு எங்கள் கோழியைப் பார்த்து, "நாகம்மா, உனக்கு என்னடி இங்க வேல" என்று விரட்டினாள்.

இனி எனக்கு வைத்த பெயர்களுக்கு வருகிறேன். நான் சும்மா இருந்தவன். சும்மா இருக்கிறவனுக்கு ஒரு பெண் பெயர் வைத்தால் அவன் என்ன ஆவான் என்பதற்கு நானே சாட்சி.

முதலில் அடைகோழி. வளவை விட்டு வெளியே போகாதவனுக்கு வேறு என்ன வைப்பாள்? "என்ன அடைகோழி, எழும்பிட்டீங்களா?" எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த எழும்பிட்டீங்களாவில் இருந்த மரியாதையையும் கவனித்தேன். அவமானப்படுத்துகிறவள் ஏன் மரியாதையாகக் கேட்க வேண்டும்? ஒரு பகல் முழுவதும் இதை வைத்துக்கொண்டு இருந்தேன். அடைகோழி என்றால் கேலி. ஆனால் நான் எழும்பிவிட்டேனா என்று அவளுக்கு ஏன் தெரிய வேண்டும்? பிறகு, என் அம்மாவை மாமி என்கிறாளே, அது முறைப்பேச்சு அல்லவா? இப்படி நான் கட்டிய கோட்டையை, அவள் ஒழுங்கையில் எல்லா அம்மாமாரையும் மாமி என்றுதான் கூப்பிடுகிறாள் என்ற நினைவு வந்து இடித்துப் போட்டது.

பிறகு கொஞ்சக் காலம் சுல்தான். அம்மா எனக்குக் கதிரையடிக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்ததைக் கண்டாளாம். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று முகத்தில் தெரிந்திருக்க வேண்டும், அந்த வாரமே எடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் யப்பான். வாவியில் பிடிபடும் மீன் அது, எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். விலை குறைந்தது, முள்ளுக் கூடியது, எந்தக் குட்டையிலும் உயிரோடு கிடக்கும். மற்றப் பெயர்கள் மாறின. இது மாறவில்லை. மாதக்கணக்காக நான் யப்பானாகவே இருந்தேன். மாறாததால் எனக்கு நம்பிக்கை வந்தது. நம்பிக்கை வந்ததால் ஆராய்ச்சி கூடியது. மலிந்த மீன் என்றால் தினமும் சட்டிக்கு வருகிற மீன், அலுக்காத மீன் என்று அர்த்தமாகாதா? அல்லது வேறு மீன் கிடைக்காத நாளில் வாங்குவது என்று சொல்கிறாளா? வாளித் தண்ணீரில் போட்டாலும் சாகாது, அதுபோல வளவுக்குள் அடைபட்டும் உயிரோடு இருக்கிறேன் என்கிறாளா? அம்மா அந்த மீனைச் சமைத்த நாளில் தட்டில் கிடந்ததை நான் பார்த்துக்கொண்டே இருக்க, கறி பழுதோ என்று அம்மா கேட்டார். பழுதில்லை என்றேன். அவளிடமே கேட்டிருக்கலாம். விளங்காட்டி விடுங்க என்பாள். விட எனக்கு மனமில்லை.

எனக்கு அவளைப் பிடித்திருந்தது. இவ்வளவு எழுதிவிட்டு அதைச் சொல்லாமல் விடுவது அழகல்ல. அவளுக்கு என்னைப் பிடித்திருந்ததா என்பதுதான் எனக்கு அப்போது உலகத்தில் இருந்த ஒரே கேள்வி. வெளியே செல் குண்டு விழுந்துகொண்டிருந்தது, நான் உள்ளே இருந்து மீனுக்கு விளக்கம் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒரு விடியற்காலை சுற்றிவளைப்பு வந்தது. ஒலிபெருக்கியில் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். மாதக்கணக்குக்குப் பிறகு நான் கடப்பைத் தாண்டியது அன்றுதான். ஆண்களை வெயிலில் வரிசையாக இருத்தினார்கள், பெண்கள் அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில். ஜீப் வந்தது. சாக்கு முகம் எங்களைப் பார்த்துக்கொண்டு மெல்ல நகர்ந்தது. என் முன்னால் நின்றபோது நான் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலை ஆடவில்லை. ஜீப் கடந்து போனது. எனக்குப் பின்னால் இருந்தவர் மூச்சு விட்ட சத்தம் எனக்கே கேட்டது. அடையாள அட்டைகளைத் திருப்பித் தரத் தொடங்கினார்கள். அம்மாவுக்குத் தலை சுற்றிவிட்டது போலும், அவர் எழும்பவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து அவள் தண்ணீர்ப் போத்தலைக் கையில் தூக்கிக் காட்டிக்கொண்டு எழும்பினாள்.

"யப்பான், மாமி தண்ணி தந்தனுப்பினவ. வாங்கிக் குடிங்க."

அத்தனை பேர் முன்னால் என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று ஒரு கணம் எனக்குச் சந்தோசம் வந்தது. அடுத்த கணம் தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் என் அட்டையைக் கையில் எடுத்து என்னையும் அவளையும் பார்த்தார். அட்டையில் யோகராசா. ஆட்கள் கூப்பிடுவது யப்பான். அந்தக் காலத்தில் இரண்டு பெயர் உள்ள பொடியன் என்றால் ஒரே அர்த்தம்தான். ஒன்று தாய் வைத்தது, மற்றது இயக்கம் வைத்தது. அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். அவளுக்கு விளங்கிவிட்டது. அதற்குள் என்னை வரிசையிலிருந்து எழுப்பிவிட்டார்கள்.

கேம்பில் சில நாட்கள் வைத்திருந்தார்கள். அடி விழுந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, என்னைவிடக் கூட வாங்கியவர்கள் அந்த அறையிலேயே இருந்தார்கள். எழுத வேண்டியது அதிகாரி கேட்ட கேள்வியைப் பற்றி. அவர் சிங்களத்தில் கேட்பார், அந்தப் பொலிஸ்காரர் தமிழில் சொல்லுவார். யப்பான் என்பது மீன் என்று சொன்னேன். மீன் என்று அதிகாரிக்கும் தெரியும், சாப்பிட்டிருக்கிறாராம். அந்த மீனின் பெயரை எனக்கு ஏன் வைத்தார்கள் என்பதுதான் அவருக்கு வேண்டும். எனக்கும் இவ்வளவு காலமாக அதுதான் வேண்டியிருந்தது.

முதல் நாள், வளவுக்குள்ளேயே அடைபட்டுக் கிடப்பதால் வைத்தாள் என்றேன். அடுத்த நாள் திரும்பக் கேட்டார்கள். பயத்தில், எங்கள் வீட்டில் அந்த மீனை அடிக்கடி சமைப்பதால் இருக்கலாம் என்றேன். நேற்று வேறு சொன்னாயே என்றார்கள். ஆம், அதுவும் இருக்கலாம் என்றேன். இருக்கலாம் என்றால் என்ன, உன் பெயருக்குக் காரணம் உனக்குத் தெரியாதா என்று அதிகாரி மேசையில் தட்டினார். தெரியாது என்பதுதான் உண்மை. உண்மையைச் சொன்னால் அது எல்லாவற்றையும்விடப் பெரிய பொய்யாகத் தெரிந்தது. மாமரத்தடியில் இருந்து நான் சேர்த்துவைத்த விளக்கங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக எனக்கு எதிராகப் போயின. இயக்கத்தில் என்ன பெயர், யார் வைத்தது என்ற இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்தார்கள். அங்கிருந்து வெளியே போக எனக்கு வழி தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் என்னை அதிகாரியின் மேசைக்கு முன்னால் நிலத்தில் இருத்தினார்கள். வாசலில் அம்மா நின்றார், கிராமசேவகர் நின்றார், அவர்களுக்குப் பின்னால் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். அண்ணன் இயக்கத்தில் இருக்கிற பெண் கேம்புக்குள் கால் வைப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஒரு கேள்வி பிசகினால் அவளும் அங்கேயே இருந்துவிட வேண்டியதுதான். வராதே என்று அம்மா எவ்வளவோ சொன்னாராம். என் வாயால் போனது, என் வாயால்தான் வரவேணும் என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்தாளாம்.

ஏன் அந்தப் பெயர் என்று அவளிடமும் கேட்டார்கள். அவள் பெயருக்கு விளக்கம் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

"எங்கட ஆக்கள்ல கட்டிக்கப்போறவர்ர பேரப் பொம்புளையள் வாயால சொல்ற இல்ல, ஐயா. சொன்னா அவருக்கு ஆயுசு குறையும். கூப்பிட ஒரு பேர் வேணுமே. அதான் கையில கிடைச்ச ஒண்ட வெச்சன்."

பொலிஸ்காரர் அதைச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் புருசன் பெயரைப் பெண்சாதி சொல்ல மாட்டாள் என்பது உண்மை. ஆனால் அது கட்டினவளுக்குத்தான், கட்டப்போகிறவளுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அவள் கொஞ்சம் இழுத்துத் தைத்துக்கொண்டாள். அதிகாரி நம்பவில்லை. இது உங்கள் ஊரில் எல்லாப் பெண்களும் செய்வதா என்று கேட்டார். ஓம் என்றாள். அவர் சட்டென்று என் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

உன் புருசன் பெயர் என்ன என்று அம்மாவிடம் கேட்டார்கள்.

அம்மா என்னைக் காட்டி, இவன்ட அப்பாதான் என்றார். பெயர், பெயர் என்று பொலிஸ்காரர் அதட்டினார். வயல் செய்கிறவர் என்றார் அம்மா. படுவான்கரையில் இருக்கிறார் என்றார். மகன் நிலத்தில் வீங்கிய முகத்தோடு இருக்கிறான், துவக்கோடு ஒருவன் கதவில் நிற்கிறான், அம்மாவின் வாய்க்கு அந்தப் பெயர் வரவில்லை. கடைசியில் கிராமசேவகரைப் பார்த்து, "ஐயா, நீங்க ஒருக்காச் சொல்லுங்களன்" என்று கெஞ்சினார். கையை உயர்த்திப் பொறுக்கச் சொல்லிப் பழகிய அந்த மனிதர் ஒரு கணமும் பொறுக்காமல், தம்பிமுத்து, தம்பிமுத்து என்று இரண்டு முறை சொன்னார்.

அதிகாரி சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அவள் பக்கம் திரும்பி, சரி, இப்போது எனக்காக இவனுடைய பெயரைச் சொல்லு என்றார். அவள் தலையைக் குனிந்தாள். சொல்லு, ஒன்றும் செய்ய மாட்டேன் என்றார். அவள் சொல்லவில்லை. குடையின் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அறையில் இருந்த எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். அது திறக்கவில்லை. அதிகாரி சிங்களத்தில் ஏதோ பகிடி விட்டார், பொலிஸ்காரர் அதை எங்களுக்குச் சொல்லவில்லை. என் அட்டையை மேசைக்கு இந்தப் பக்கம் தள்ளிவிட்டார்.

வீடு வரைக்கும் அவள் எங்களுக்கு முன்னால் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒரு தரமும் கிறுகிப் பார்க்கவில்லை. நான் நடந்த நடையில் அடிபட்ட நோவே தெரியவில்லை. அவள் வாய் திறக்காமல் நின்றதை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தேன். பொய் சொல்ல வந்தவள் அதற்கு மேல் ஏன் போக வேண்டும்? அத்தனை பேர் முன்னால் அப்படி ஒரு மௌனத்தை நடிக்க முடியுமா?

கேம்பில் சொன்னது எங்களுக்கு முன்பே ஒழுங்கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. அம்மா அன்று பின்னேரமே அவளை மருமகள் என்று சொல்லத் தொடங்கினார். எங்கள் பகுதியில் தாய்வழிக் குடி பார்த்துத்தான் சம்பந்தம் செய்வார்கள், ஒரே குடிக்குள் கொடுக்கல் வாங்கல் இல்லை. இரண்டு வீடும் வேறு வேறு குடி என்று பெரியவர்கள் கண்டுபிடித்துச் சந்தோசப்பட்டார்கள். அவளுடைய தாய்மாமன் வந்து எங்கள் அம்மாவோடு கதைத்துவிட்டுப் போனார். வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை அங்கே வந்துவிடுவது வழக்கம். கலியாணம் கட்டினாலும் நான் போகப்போகிற தூரம் ஒரு வேலிதான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அப்பா வந்ததும் நாள் வைப்பது என்று முடிவாயிற்று.

அவள் மட்டும் கிணற்றடிக்கு வருவதில்லை. வந்தாலும் எங்கள் வீட்டு வேலைகள் முடிந்த நேரத்துக்கு வந்து, தண்ணீர் அள்ளிக்கொண்டு போய்விடுவாள். யாருக்கும் புதுப் பெயர் இல்லை. ஹெலிகொப்டர் வந்தால் வெறும் ஹெலிகொப்டர். நான் யப்பான்கூட இல்லை. கலியாணப் பெண்ணின் வெட்கம் என்று நான் பொருள் எடுத்துக்கொண்டேன். எனக்குத்தான் பொருள் எடுப்பது பழகிய வேலையாயிற்றே. ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய தாய் அழுதுகொண்டு பேசுவது கேட்டது. "கேம்புல போய் வாயாலயே சொல்லிப்போட்டு வந்தவள இனி வேற எவன் கேட்டு வருவான்?" அதற்கு அவளிடமிருந்து பதில் வரவில்லை. அதையும் நான் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரத்தில் ஒரு காலை, பேக்கரிப் பாண் கொண்டுவரும் பாண்காரரின் சைக்கிள் ஒழுங்கையில் வந்து நின்றது. அந்த நேரத்தில் ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் அங்கே நிற்பார்கள். நான் மாமரத்தடியில் இருந்தேன். அவள் வீட்டிலிருந்து வெளியே வந்தாள். பாண்காரரிடம் போகாமல் நேராக எங்கள் கடப்படிக்கு வந்தாள். தடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"யோகராசா, பாண் வந்திருக்கு. மாமியக் கூப்பிடுங்க."

சத்தமாகச் சொன்னாள். ஒழுங்கை முழுவதும் கேட்கும்படி, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். சைக்கிளைச் சுற்றி நின்ற பெண்களின் பேச்சு நின்றது. அவர்களில் ஒருத்திக்கும் விளக்கம் தேவைப்படவில்லை, எனக்கும் தேவைப்படவில்லை. அதிகாரி துவக்குக்கு முன்னால் வைத்துக் கேட்டும் அவள் சொல்லாத பெயரை, இப்போது யாரும் கேட்காமல் சொல்லிக்கொண்டு நிற்கிறாள். அவளுடைய தாய் முற்றத்தில் விளக்குமாறோடு அப்படியே நின்றுவிட்டார். என் அம்மா குசினி வாசலுக்கு வந்து, அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் கேட்காத மாதிரி இருந்திருக்கலாம். பெரியவர்கள் அதை ஒரு பகிடி என்று மூடிவிட்டிருப்பார்கள். அப்பா வந்ததும் நாள் வைத்திருப்பார்கள், அவளால் ஒன்றும் செய்திருக்க முடியாது. எனக்கு அவ்வளவு ஆசை இருந்தது. அவள் என்னைக் கேம்பிலிருந்து வெளியே கொண்டுவந்தவள். இப்போது தானும் அந்தப் பொய்யிலிருந்து வெளியே போக வேண்டும் என்று நின்றாள்.

"யோகராசா" என்றாள் மறுபடியும். மற்றக் கையையும் தடியில் வைத்தாள். மூன்றாம் முறையும் அவளைக் கூப்பிட வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஓம்" என்று எழும்பினேன்.